சர்வேயர் வண்டிக்கு ஐந்தாவது கியர்

அந்த வட்டாரத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாக்ஸ்காரர் என்றால் போதும். லாரியோ வேனோ டிராக்டரோ, எதன் கியர்பாக்ஸ் மக்கர் பண்ணினாலும் அவருடைய ஷெட்டுக்குத்தான் வரும். இருபத்தெட்டு வருஷமாகப் பாரம் தூக்கித் தூக்கி வலது தோள் தேய்ந்துவிட்டது. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கும்போதே ஒரு முனகல் வரும். அதைக் கேட்டால் மனைவி திரும்பிப் பார்ப்பாள். கொஞ்ச காலமாகத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். வேலை செய்யும் இடம் அறுபத்து நாலு கிலோமீட்டர் தள்ளி. காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி பஸ் கிடையாது. அதனால் அப்பாவின் பழைய காரில் போய் வந்தாள். அது அவள் பிறப்பதற்கு முன்பே அவர் வாங்கிய வண்டி. இரும்பும் தகரமும் இன்றைக்கும் கல் மாதிரி இருந்தன. ஒரே குறை, அதற்கு நாலு கியர்தான். அந்தக் காலத்து ரோட்டுக்கு நாற்பது, ஐம்பது போதும் என்று கட்டிய வண்டி. இப்போதைய நெடுஞ்சாலையில் எண்பதில் போகாவிட்டால் பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனிலேயே கைவைத்துக்கொண்டு வருவான். எண்பதில் போனாலோ என்ஜின் நிமிஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் சுற்று சுற்றி அலறும். கண்ணாடியை ஏற்றினாலும் அதே சத்தம், இறக்கினாலும் அதே சத்தம். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்து நிற்கும். அவள் இறங்கி உள்ளே வருவாள். கூடத்து நாற்காலியிலிருந்து அவளுடைய அப்பா, "வந்துட்டியாம்மா?" என்பார். அவள் நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்ஜின் நின்ற பிறகும் அவள் தலைக்குள் அது நிற்க ஒரு மணி நேரம் ஆகும்.

ஆறு மாதத்துக்கு முன் காது டாக்டரிடம் போனார்கள். ஹெட்போனை மாட்டிப் பெட்டிக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இடது பரவாயில்லை. போனது போனதுதான். மீதியையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது."

"ஏன்?"

"வண்டியாலதான்னு தெரிஞ்சா உடனே வித்துடுன்னு சொல்லுவாரு. வித்துட்டு அவரு தாங்க மாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா அவரை?"

பாக்ஸ்காரருக்கு நன்றாகவே தெரியும். மாமனார் நிலம் அளக்கிற வேலையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். தெருவில் எல்லோரும் இன்னும் சர்வேயர் என்றுதான் சொல்வார்கள். கண் மங்கிப்போனதால் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சாவியை மகளிடம் கொடுத்த அன்றே மருமகனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "மாப்ள, ரிப்பேர் பண்ணுங்க, வேணாங்கல. ஆனா எதையும் மாத்தாதீங்க. ஒரு ஓட்டை போடக்கூடாது, ஒரு தகரம் வெட்டக்கூடாது. வாங்கினப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருக்கணும்." வண்டி வெளியே போய் வந்தால் மீட்டரில் ஓடிய கிலோமீட்டர் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

டாக்டர் சொன்ன அன்றைக்கே பாக்ஸ்காரருக்கு வைத்தியம் தெரிந்துவிட்டது. ஐந்தாவது கியர் வேண்டும். ஓவர்டிரைவ் என்பார்களே, அது. என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரத்துக்குப் போகிற தண்டு ஒன்றேகால் சுற்றுச் சுற்றும். அதே எண்பதில் என்ஜின் மூவாயிரத்துச் சொச்சத்திலேயே ஓடும், அலறல் அடங்கிவிடும். நாள் முழுக்க ஊரார் வண்டிக்கெல்லாம் பாக்ஸ் மாற்றுகிறவர், கட்டின மனைவி ஓட்டுகிற வண்டிக்கு மாற்ற முடியாமல் ஆறு மாதம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் சர்வேயர் தானாகவே, "பெரியவன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்றார். மகன் வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் அவருக்குத் தரிக்காது. இந்தத் தடவை மூன்று வாரம் என்றார். பெட்டியும் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. ஸ்டேஷனில் அதைத் தூக்கி ரயிலில் வைத்தபோது பாக்ஸ்காரரின் தோள் சுரீர் என்றது. ஏன் இவ்வளவு கனம் என்று அவர் யோசிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது அவர் மனதில் ஓடியதெல்லாம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

"மூணு வாரம் ஷிஃப்டை மாத்திக்க முடியுமா? பஸ்ல போயிட்டு வர்ற மாதிரி" என்று மனைவியின் இடது காதுப் பக்கம் போய்க் கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரிஞ்சா?"

"அடியில போய்ப் பாக்கவா போறாரு? மேல பாத்தா ஒண்ணும் தெரியாது."

வண்டி உடைக்கிற இடத்தில் ஒரு சின்ன சரக்கு வேனின் ஐந்து கியர் பாக்ஸ் கிடைத்தது. அதைப் பிரித்து, கழுவி, பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டார். அது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. என்ஜின் ஒரு கம்பெனி, பாக்ஸ் வேறு கம்பெனி. ஒன்றின் போல்ட் துளை இன்னொன்றோடு சேரவில்லை. நடுவில் ஒரு தடித்த தட்டு வைத்து, அதன் ஒரு முகம் என்ஜினுக்கும் மறு முகம் பாக்ஸுக்கும் பொருந்துகிற மாதிரி துளைகள் போட வேண்டும். துளை மயிரிழை விலகினாலும் தண்டு கோணலாக நுழையும், நாலு மாதத்தில் எல்லாம் தேய்ந்து கையோடு வந்துவிடும்.

அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டு, கடைசல் பட்டறை வைத்திருக்கும் லேத்காரரிடம் போனார். இருவரும் பழைய சேக்காளிகள். லேத்காரர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏன்யா, அந்தக் கிழவிக்கு இந்த வயசுல பல்லு கட்டப் போறியா?"

"பல்லு கட்டினாத்தான் இன்னொருத்திக்குக் காது மிஞ்சும். வெட்டிக் குடு."

லேத்காரர் அதற்கு மேல் கிண்டல் பண்ணவில்லை. தட்டை வெட்டிக் கொடுத்தார். பாக்ஸ் தண்டின் மூக்கு போய் உட்கார என்ஜின் பக்கம் ஒரு பித்தளை வளையமும் கடைந்து கொடுத்தார். கிளட்ச் பிளேட்டின் பல்லும் புதுத் தண்டின் பல்லும் ஒத்துப்போகவில்லை. வேனுடைய பிளேட்டையே தேடிப் பிடித்துப் போட்டார்கள். ஒன்றைச் சரிபண்ணினால் அதற்கு அடுத்தது வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பகலெல்லாம் ஷெட்டில் லாரி வேலை. மாலையில் அரை மணியோ ஒரு மணியோ இந்த வண்டியின் அடியில் படுப்பார். எழுந்திருக்கும்போது இடது கையை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். மனைவி கை கொடுப்பாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பாக்ஸை மேலே ஏற்றினார்கள். அவர் அடியிலிருந்து ஜாக்கியால் தூக்க, அவள் மேலேயிருந்து டார்ச் அடித்துக் கோணம் பார்த்தாள். "கொஞ்சம் இடது பக்கம்... இல்ல, என் இடது... இன்னும் மயிரளவு..." தண்டு கிளட்சுக்குள் நுழைந்து தட்டும் பாக்ஸும் ஒட்டி உட்கார்ந்தபோது இருவருமே மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சு முடியவில்லை, அடுத்த தலைவலி தெரிந்தது. புது பாக்ஸ் பழையதைவிட ஒரு சாண் நீளம். கியர் போடும் கம்பி பழைய ஓட்டைக்கு நாலு விரற்கடை பின்னால், தகரத்துக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றது. தரையை வெட்டாமல் அது மேலே வராது.

அவர் சீட்டைக் கழற்றி, தரையில் விரித்திருந்த ரப்பர் மிதியை விலக்கி, சாக்பீஸால் கோடு போட்டார். அழித்தார். மறுபடி போட்டார். தகரம் வெட்டும் கிரைண்டரைக் கையில் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். அந்தத் தகரத்தில் கம்பெனி அடித்த பச்சை பெயிண்ட் இன்னும் பளபளவென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தில் வெயில்கூடப் பட்டதில்லை.

"இருபது நிமிஷமா கோடு போட்டுக்கிட்டே இருக்கீங்க" என்றாள் அவள்.

"உங்கப்பா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாரு என்கிட்ட."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள். "குடுங்க. எங்கப்பா வண்டி. நானே வெட்டறேன்."

"ஒனக்குப் பழக்கமில்ல."

"வெட்டித்தானே ஆகணும்? குடுங்க."

இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, கிரைண்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டு அவர் நகர்ந்து நின்றார். தீப்பொறி பறந்தது. கோட்டுக்கு உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று ஒரு மாதிரி வெட்டி முடித்தாள். வெட்டிய துண்டு 'டங்' என்று கீழே விழுந்தபோது கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொறி பட்டுப் புறங்கையில் மூன்று இடத்தில் கொப்புளம்.

பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட். பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு. பாக்ஸ் நீண்டால் இது குறுக வேண்டும். அதை அளக்க உட்கார்ந்த அன்றைக்கு ஷெட்டில் இரண்டு லாரி பாக்ஸ் இறக்கி ஏற்றியிருந்தார். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. வண்டி, தூக்கி நிறுத்திய ஸ்டாண்டின் மேல் இருந்தபடியே டேப்பைப் பிடித்து அளந்து, எழுதி, மறுநாள் லேத்காரரிடம் கொடுத்து வெட்டி ஒட்டி வாங்கிவந்து மாட்டினார். ஸ்டாண்டை எடுத்து வண்டியை இறக்கி, ரிவர்ஸ் போட்டு வெளியே எடுத்தார்.

'டொக்.'

முன்னால் நகர்த்தினார். மறுபடி 'டொக்.'

அந்த ஒரு சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஸ்டாண்டின் மேல் இருக்கும்போது சக்கரம் தொங்கும். அப்போது ஒரு நீளம். வண்டி தன் எடையில் தரையில் உட்காரும்போது வேறொரு நீளம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். தண்டு ஒரு விரற்கடை அதிகமாகிப் பாக்ஸின் வாலில் போய் இடித்துக்கொண்டிருந்தது.

லேத்காரர் தண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "எத்தனை வருஷமாய்யா இந்த வேலை பாக்கற?" என்றார்.

"அதான் தெரியல."

"போய்ப் படு. நாளைக்கு வா."

"நேரமில்ல. மாமா போன் பண்ணிட்டாரு. சனிக்கிழமை வரதா இருந்தவரு புதன்கிழமையே வராராம். அங்க தூக்கம் புடிக்கலையாம்."

செவ்வாய்க்கிழமை வெயில் சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. கடைசியாக ஸ்பீடாமீட்டர் கேபிளை எடுத்துப் பாக்ஸின் பக்கவாட்டில் திருகினார். மரை சரியாக ஏறியது. வண்டியை நகர்த்தியபோது முள் அசைந்தது. வேலை முடிந்தது என்ற நினைப்பிலேயே கை கழுவப் போய்விட்டார்.

அவளையே ஓட்டச் சொல்லி நெடுஞ்சாலைக்குப் போனார்கள். நாலாவது கியரில் வழக்கமான அலறல் எழுந்தது. "இப்ப மேல தள்ளு" என்று கையால் காட்டினார். அவள் கிளட்சை மிதித்துத் தள்ளினாள். நெடுநேரம் நின்றுகொண்டிருந்தவர் நாற்காலி கிடைத்து உட்கார்ந்த மாதிரி என்ஜின் தணிந்தது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நின்னுபோச்சா?"

"ஓடுது, ஓடுது. ரோட்டைப் பாரு."

கொஞ்ச தூரம் போய், திரும்புவதற்காக ஓரம் கட்டும்போது, "இது என்ன டிக் டிக்குனு? எதாவது லூஸா?" என்றாள்.

"இண்டிகேட்டர். அது எந்நாளும் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

அவள் இண்டிகேட்டரை அணைக்காமல் அப்படியே வண்டியை நிறுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாக்ஸ்காரர் சீட்டில் சாய்ந்துகொண்டார். சந்தோஷப்படத் தெம்பில்லை. ஒரு பாரம் இறங்கியது, அவ்வளவுதான்.

புதன்கிழமை சர்வேயர் வந்து இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில், "சத்தம் கம்மியா இருக்கே மாப்ள" என்றார்.

"டியூனிங் பண்ணேன் மாமா." கம்பியின் தலையில் பழைய குமிழையே மாட்டியிருந்தார்கள். மிதியைப் போட்டு மூடியிருந்தார்கள். சர்வேயர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்து நாள் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாக்ஸ்காரர் டீ டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது சர்வேயர் நோட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, இப்படி உக்காருங்க. ஒரு சந்தேகம்."

உட்கார்ந்தார்.

"அவ ஆபீஸுக்குப் போய் வர நூத்து இருபத்தெட்டு கிலோமீட்டர். மழை, வெயில், எதுலயும் மாறாது. இப்ப பத்து நாளா நூத்துப் பதினாறுதான் காட்டுது. பன்னண்டு கிலோமீட்டர் எங்க போச்சு?"

பாக்ஸ்காரர் டம்ளரை வாயிலிருந்து இறக்கினார்.

"மொதல்ல என் கண்ணுதான் ஏமாத்துதோன்னு நெனச்சேன். ரோடு சுருங்காது மாப்ள. நான் அளந்து பொழச்சவன். அடியில என்ன பண்ணீங்க?"

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. சொன்னார். பாக்ஸ் மாற்றியது, தட்டு வைத்தது, தண்டு வெட்டியது, தரையில் தகரம் வெட்டியது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். யார் வெட்டியது என்பதை மட்டும் சொல்லவில்லை. சர்வேயர் முகத்தைத் தூக்காமல் கேட்டார். பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார்.

"அப்ப கிலோமீட்டர் மட்டும் கம்மி இல்ல. வேகமும் கம்மியாத்தான் காட்டும். முள்ளு எண்பதுல நின்னா வண்டி எண்பத்தெட்டுல போகுது." பென்சில் நின்றது. "பத்து நாளா என் பொண்ணு எண்பதுன்னு நெனச்சுக்கிட்டு எண்பத்தெட்டுல போயிருக்கா."

பாக்ஸ்காரரின் கையில் டம்ளர் சாய்ந்து டீ தரையில் சிந்தியது. கேபிள் போகிற இடத்தில், பாக்ஸுக்குள் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது வேனின் சக்கர அளவுக்குச் செய்தது. வண்டி மாறினால் அதையும் மாற்ற வேண்டும். தெரிந்த விஷயம்தான். மரை ஏறியது, முள் அசைந்தது, போதும் என்று விட்டுவிட்டார்.

"எனக்குத் தோணவே இல்ல மாமா. தப்புதான்."

"தகரத்தை வெட்டினதைக்கூட விடுங்க. எதுக்கு? யாரைக் கேட்டு? வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருந்துது?" அவர் குரல் உயர்ந்தது. அந்தக் குரல் சமையலறை வரைக்கும் போய், அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். கணவனின் முகத்தையும் மடியில் இருந்த நோட்டையும் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"நான்தாம்பா மாத்தச் சொன்னேன். எனக்குக் காது கேக்கல."

சர்வேயர் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"வலது காது பாதிக்கு மேல போயிடுச்சு. என்ஜின் சத்தம்தான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சா வண்டியை வித்துடுவீங்கன்னு சொல்லல."

"எப்பலேர்ந்து?"

"டாக்டர் சொல்லி ஆறு மாசம். ஆனா ரெண்டு வருஷமாவே அப்படித்தான். வந்தவுடனே ஒண்ணுமே கேக்காது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான்..."

சர்வேயர் நோட்டை மூடினார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். மகளைப் பார்க்காமல், சிந்தின டீயைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு வருஷமா தெனமும் வந்துட்டியாம்மான்னு கேக்கறேன். நீ திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. கெழவன் பேச்சு சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். சரி, வேலைக்குப் போயிட்டு வர்றவளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு மெதுவாக் கேட்டேன். அப்புறம் இன்னும் மெதுவா." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தத் தடவை உங்கண்ணன் வீட்டுக்குத் திரும்பி வர்றதுக்குப் போகல. அங்கேயே இருந்துடலாம்னுதான் குளிர்காலத்துத் துணியெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். முடியல. வந்துட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

பாக்ஸ்காரர் காலி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றார். எந்தச் சத்தமானாலும் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறவர் அவர். ஒரே வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு மனிதர் மகளை மெதுவாக, இன்னும் மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது அவர் காதிலும் விழவில்லை. துணியை எடுத்துவந்து, குனிந்து, தரையைத் துடைத்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் சர்வேயர் மருமகனோடு பேசவில்லை. மகளோடு பேசினார், ஆனால் அளந்து அளந்து. கேபிள் சரியாகும் வரை வண்டியை எடுக்கக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். அவள் மறுபடி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பஸ்ஸில் போனாள். மாலையில் அவள் வரும்போது அவர் நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரைக்கும் வந்து, அவள் முகத்துக்கு நேரே நின்று, "வந்துட்டியா?" என்றார். "வந்துட்டேம்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்த நாளும் அப்படியே நின்றார்.

வியாழக்கிழமை காலை பாக்ஸ்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தச் சின்னச் சக்கரத்துல எத்தனை பல்லு?"

"இருபத்தொண்ணு மாமா."

சர்வேயர் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். முழுக்கக் கணக்கு. அடியில் இரண்டு தடவை கோடிட்டு ஒரு எண். "பத்தொன்பது வேணும். பத்தொன்பதுக்கு ஒரு இம்மி அதிகம் வருது. அதைப் பாத்துக்கலாம்."

பத்தொன்பது பல் சக்கரம் லேசில் கிடைக்கவில்லை. மூன்றாவதாகப் போன உடைப்புக்கடையில், ஒரு டப்பா நிறையப் பழைய சக்கரங்களுக்கு நடுவே, எண்ணி எண்ணி விரல் கறுத்த பிறகு கிடைத்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சாமான். மாற்றப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவர் அடியில் படுத்திருக்கும்போது சர்வேயர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், "வெட்டின எடத்தைக் காட்டுங்க" என்றார்.

மிதியை விலக்கிக் காட்டினார். சர்வேயர் குனிந்து, கண் தெரியாததால் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"மழுக்கவே இல்லியே. கையைக் கிழிக்கும். யாரு வெட்டினது?"

பாக்ஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து, "நான்தாம்பா" என்றாள் மகள்.

அவர் இன்னொரு தடவை தடவினார். "கோணல்" என்றார். "கோடு போட்டு வெட்டியும் கோணல்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா. பொறியா பறந்துது."

"அரத்தை எடுங்க மாப்ள" என்றார் சர்வேயர். மருமகன் அரத்தை எடுத்துக் கொடுத்தார். யாரையும் கிட்டே விடாமல், அரை மணி நேரம் அந்த ஓரத்தை அவரே தேய்த்தார். மன்னித்துவிட்டாரா என்று பாக்ஸ்காரருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அளவு சரிபார்க்கக் கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். சர்வேயர் அவளுக்கு இடது பக்கத்து சீட்டில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தார். பாக்ஸ்காரர் பின் சீட்டில் ஏறினார். அந்த வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

நெடுஞ்சாலைக்கு வந்ததும் அவள் ஐந்தாவதுக்குத் தள்ளினாள். சர்வேயர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கிலோமீட்டர் கல் வரும்போதும் மகள் உரக்க எண்ணைச் சொல்ல, அவர் மீட்டரில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினார். எட்டாவது கல்லில், "நூறு மீட்டர் வித்தியாசம் காட்டுதே" என்றாள் அவள்.

"நம்ம மீட்டர் சரி. கல்லுதான் தப்பு. நட்டவன் தூங்கிக்கிட்டு நட்டிருக்கான்."

"ஒங்களுக்கு யாரு நட்டாலும் தப்புத்தாம்பா."

"அளந்துட்டுச் சொல்றேன். நீ என்ன அளந்த?"

இருவரும் குரலை உயர்த்தாமலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். பாக்ஸ்காரர் கதவில் தோளைச் சாய்த்து, ஏதாவது கடகடக்கிறதா என்று பழக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தண்டில் அதிர்வு இல்லை. பேரிங்கில் முனகல் இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும் இமை தானாக இறங்கியது. பதினோராவது கல் வரை காதில் விழுந்தது. அப்புறம் குரல்கள் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டன.

"இருபது கல் ஆயிடுச்சுப்பா. போதும்னா திரும்பிடட்டுமா?"

"மாப்ள என்ன சொல்றாரு?"

"தூங்கறாரு."

காகிதம் மடிக்கிற சத்தம்.

"அப்ப திருப்பாத. திருப்பினா வெயில் அவரு மூஞ்சியில அடிக்கும். அடுத்த ஊர் வரைக்கும் போ."